கிணறு ஒன்று, சுற்றளவு இரண்டா?

குமாரலிங்கபுரம் பக்கம் மானாவாரி பூமி. கிணறு என்றால் இங்குள்ள பிள்ளைகளுக்குத் தனி அக்கறை. அதனால் ஏழாம் வகுப்பில் கிணற்றையே கணக்காகக் கொடுத்தேன்: விட்டம் 7 மீட்டர், சுற்றளவு எவ்வளவு? பலரும் 22/7 கொண்டு 22 மீட்டர் என்று எழுதினார்கள். ஒரு மாணவி மட்டும் 3.14 கொண்டு 21.98 என்று எழுதியிருந்தாள். தவறு என்று சிவப்பு மையில் போட்டுவிட்டேன். அவள் நோட்டோடு வந்து கேட்டாள்:

"கிணறு ஒண்ணுதானே சார்? சுத்தளவு எப்படி ரெண்டு வரும்?"

உடனே பதில் சொல்ல முடியவில்லை. "பை என்றால் 22/7" என்று கரும்பலகையில் எழுதிப் போட்டது நான்தானே! மறுநாள் அந்த எழுத்தின் கதையிலிருந்தே தொடங்கினேன்.

எழுத்து வந்த வழி

'பை' என்றதும் புத்தகப்பையைத் தூக்கிக் காட்டினான் ஒருவன். சிரிப்பு அடங்கியதும் சொன்னேன். இரண்டு தூணும் ஓர் உத்திரமும் போல இருக்கும் இது கிரேக்க நெடுங்கணக்கின் 16-ஆவது எழுத்து. பினீசியரின் 'பே' என்னும் எழுத்திலிருந்து வந்தது. 'பே' என்றால் வாய். கிரேக்கத்தில் சுற்றளவைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்தும் இதுவே. சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வரும் எண்ணுக்கு இந்தக் குறியை 1706-இல் வில்லியம் ஜோன்ஸ் பயன்படுத்தினார். பின்னர் ஆய்லரின் நூல்களால் அது உலகெங்கும் பரவியது.

குறிக்கு முன்பே எண் இருந்தது. அது 22/7-ஐவிடச் சற்றுக் குறைவு என்று ஆர்க்கிமிடிஸ் காட்டினார். ஆரியபட்டர் கி.பி. 499-இல் 20000 விட்டத்துக்கு 62832 சுற்றளவு, அதாவது 3.1416 என்றார். அதையும் 'தோராயம்' என்றே குறித்தார். அதைப் பின்னமாக எழுதவே முடியாது என்று 18-ஆம் நூற்றாண்டில் லாம்பெர்ட் நிறுவினார். நம் இராமானுஜன் 1914-இல் வெளியிட்ட சூத்திரம் ஒன்றில், முதல் உறுப்பே ஆறு தசம இடங்களைச் சரியாகத் தருகிறது. 1985-இல் காஸ்பர் அதைக் கொண்டு கணினியில் 1 கோடியே 70 லட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்களைக் கண்டார்.

வகுப்பில் செய்தது

தூக்குவாளி மூடி, சத்துணவுத் தட்டு, சைக்கிள் சக்கரம் மூன்றையும் நூல் சுற்றி அளந்தோம். சுற்றளவை விட்டத்தால் வகுத்தபோது ஒவ்வொரு குழுவுக்கும் 3-க்குச் சற்று மேலே வந்தது. எந்த இரண்டு குழுவுக்கும் ஒரே விடை வரவில்லை.

பிறகு கிணற்றுக்குத் திரும்பினோம். உண்மையான சுற்றளவு ஏறக்குறைய 21.991 மீட்டர். 22 என்பது 9 மில்லிமீட்டர் அதிகம்; 21.98 என்பது 11 மில்லிமீட்டர் குறைவு. இரண்டுமே தோராயம்தான். அந்த மாணவியின் நோட்டில் சிவப்பு மையை அடித்து, முழு மதிப்பெண்ணை வகுப்பின் முன்னேயே போட்டுக் கொடுத்தேன்.

இப்போது பைக்கும் 22/7-க்கும் நடுவில் சமக்குறி போடுவதில்லை. தோராயக் குறியே போடுகிறேன். எந்த மதிப்பைப் பயன்படுத்த வேண்டும் என்பதையும் வினாவிலேயே எழுதிவிடுகிறேன். நீங்களும் விடைத்தாள் திருத்தும்போது இதைக் கவனியுங்கள்.