எல்ல மலை ஏறிய பழைய ஸ்கூட்டி: பக்கச் சில்லு பூட்ட நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள்

எல்ல நகரத்தில் தேநீர்க் கடை ஒன்றின் முன்னால் ஸ்கூட்டியை நிறுத்தி, பக்கத்தில் செருகியிருந்த ஊன்றுகோலை எடுத்துக்கொண்டிருந்தேன். வாடகை ஓட்டோவைத் தானே ஓட்டிக்கொண்டு வந்த வெள்ளைக்காரர் ஒருவர் இறங்கி வந்து, குனிந்து என் பின்சில்லுகளைப் பார்த்தார். எழுபது வயது மதிக்கலாம். தன்னிடமும் ஊரில் இப்படி ஒன்று இருக்கிறது என்றார். முழங்கால்கள் தேய்ந்த பிறகு பாரமான மோட்டார் சைக்கிளைக் காலூன்றி நிறுத்த முடியவில்லையாம். விற்கவும் மனமில்லாமல், பின்னால் இரண்டு சில்லு பூட்டி ‘ட்ரைக்’ ஆக்கிவிட்டாராம். எங்கே செய்வித்தீர்கள் என்று கேட்டார். கிளிநொச்சியில் என்றேன்.

அவருடையது 1800 சிசி ஹொண்டா கோல்ட் விங். என்னுடையது இரண்டு கை மாறி வந்த 110 சிசி ஸ்கூட்டி. வெளிநாடுகளில் ‘ட்ரைக்’ என்பது பழைய வழக்கம்தான். ஹார்லி டேவிட்சன் நிறுவனம் 1932 முதல் 1973 வரை ‘சேர்வி கார்’ என்ற மூன்று சில்லு வண்டியைத் தயாரித்தது. இன்று அங்கே நீண்ட பயணத்துக்காக அதை வாங்குபவர்களில் வயதானவர்களும் கால் பலவீனமானவர்களும் இருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் அதற்கு இருக்கும் தேவை வேறு. போர் எத்தனை பேரின் கால்களையும் முள்ளந்தண்டையும் எடுத்துச் சென்றது என்பது இதை வாசிப்பவர்களுக்குத் தெரியும்.

2009 ஏப்ரலில் மாத்தளனில் விழுந்த எறிகணையில் என் வலது கால் முழங்காலுக்கு மேலே போனது. அப்போது எனக்கு 17 வயது. அம்மா பிறந்தது எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடைப்பட்ட ஒரு தேயிலைத் தோட்டத்தில். 1977 ஓகஸ்ட் வன்செயலில் லயன் எரிந்த பிறகு, 14 வயதில் தாத்தாவோடு கிளிநொச்சிக்கு வந்தவர். அதன் பின்னர் ஒரு தடவைகூடத் திரும்பிப் போகவில்லை. “பெரட்டுக்களத்துக்குப் பக்கத்துல ஒரு பலாமரம் நின்னுச்சு. இருக்கான்னு பாத்துட்டு வா” என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பஸ்ஸில் போகலாம். ஆனால் பிரதான வீதியில் இறக்கிவிட்ட பிறகு தோட்டத்துக்குள் போக எனக்குக் கால் வேண்டும். அதனால்தான் சொந்த வண்டியில் போவது என்று முடிவெடுத்தேன். இந்த ஒக்டோபரில் போய் வந்தேன்.

போய் வந்ததிலிருந்து பலர் தொலைபேசியில் கேட்கிறார்கள்: எந்த வண்டி வாங்குவது, எங்கே பூட்டுவது, மலை ஏறுமா? நான் செய்த பிழைகளையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

எந்த வண்டி?

ஒரு காலால் ஓட்டுபவருக்குக் கியர் இல்லாத ஸ்கூட்டியே வசதி. இரண்டு பிரேக்குகளும் கையில் இருக்கும். காலுக்கு வேலையே இல்லை. பலர் முதலில் தேடுவது ஸ்கூட்டி பெப். பாரம் குறைவு, பெற்றோலும் குறைவாகவே குடிக்கும். ஆனால் அதன் இயந்திரம் 88 சிசிதான். பக்கச் சில்லுகளும் சட்டமும் சேரும்போது ஏறத்தாழ 30 கிலோ கூடுகிறது. கிளிநொச்சி, மன்னார் போன்ற தட்டையான ஊர்களுக்குள் ஓட அது போதும். மலையகத்துக்குப் போகிற எண்ணம் இருந்தால் 110 சிசிக்குக் குறையாமல் பாருங்கள். கடல் மட்டத்திலிருந்து 1000 மீற்றர் உயரத்தில் இருக்கும் எல்லவில் காற்று அடர்த்தி குறைவதால், இயந்திரத்தின் வலு ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறையும் என்பதையும் கணக்கில் எடுங்கள். 100 சிசிக்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிளுக்குச் சாரதி அனுமதிப்பத்திரத்தின் வகுப்பும் வேறு என்பதை மறக்க வேண்டாம்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 தொடக்கத்தில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது. இடைப்பட்ட ஐந்து வருடங்களில் பழைய வண்டிகள் புதிய வண்டியின் விலைக்கு விற்கப்பட்டன. இன்னும் அந்த விலையைச் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். அவசரப்படாதீர்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

வண்டியைப் பார்ப்பதற்கு முன் புத்தகத்தைப் பாருங்கள். பதிவுச் சான்றிதழில் ‘முழு உரிமையாளர்’ என்ற இடத்தில் லீசிங் கம்பனி ஒன்றின் பெயர் இருந்தால் கடன் முடியவில்லை என்று அர்த்தம். விற்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், கடன் தீர்ந்து அந்தப் பெயர் நீக்கப்படும் வரை காசு கொடுக்காதீர்கள். ‘ஓப்பின் பேப்பர்’ என்று பெயர் மாற்றாமல் கை மாறும் வண்டிகளையும் தவிருங்கள். சாதாரண ஓட்டுநருக்கு அது ஒரு தொந்தரவுதான். எங்களுக்கோ வாசலையே மூடிவிடும். வண்டியின் அமைப்பை மாற்ற அனுமதி கேட்கப் போகும்போது, அது உங்கள் பெயரில் இல்லையென்றால் உங்களால் விண்ணப்பிக்கவே முடியாது.

செஸி இலக்கமும் இயந்திர இலக்கமும் புத்தகத்தில் உள்ளதோடு பொருந்துகின்றனவா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள். பிறகு செஸியின் பின்பகுதியில் துரு இருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். வெளியே எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், துருப்பிடித்த செஸியில் பக்கச் சில்லு பூட்ட முடியாது. பாரம் முழுவதும் அங்கேதான் இறங்கும். பெல்ற், கிளட்ச், பிரேக் கட்டைகள் ஆகியவற்றை எப்படியும் மாற்ற வேண்டும் என்று நினைத்தே விலை பேசுங்கள்.

இரண்டு வகை மாற்றம்

முதலாவது வகையில் இருக்கிற பின்சில்லை அப்படியே விட்டு, இருபுறமும் ஒவ்வொரு சிறிய சில்லைச் சேர்ப்பார்கள். எண்ணிப் பார்த்தால் நான்கு சில்லு. இயந்திரம் சுழற்றுவது நடுவில் உள்ளதை மட்டுமே. இரண்டாவது வகையில் பின்சில்லைக் கழற்றிவிட்டு, ஓர் அச்சில் இரண்டு பெரிய சில்லுகளைப் பூட்டுவார்கள். இதுதான் உண்மையான ‘ட்ரைக்’. வளைவில் வெளிச்சில்லு உட்சில்லை விடக் கூடிய தூரம் ஓட வேண்டியிருப்பதால், இதற்கு ஓட்டோவில் இருப்பது போன்ற டிஃபரன்சல் தேவை. அது இல்லாமல் ஒரே அச்சில் இரண்டையும் இறுக்கினால், வண்டி திரும்ப மறுத்து ரயரை இழுத்துத் தேய்க்கும். செலவும் வேலையும் அதிகம். நான் முதலாவது வகையையே தேர்ந்தெடுத்தேன்.

முதலில் போன கராஜில் சட்டத்தை இயந்திரத்தோடு சேர்த்துப் பூட்டினார்கள். ஸ்கூட்டியில் இயந்திரமும் பின்சில்லும் ஒன்றாகவே மேலும் கீழும் அசையும். செஸி அசைவது வேறு மாதிரி. இரண்டு மாதத்தில் ஒட்டு வெடித்தது. பரந்தனில் வைத்து வெடித்ததால் தப்பினேன். மலையில் என்றால் இந்தக் கட்டுரை இல்லை. இரண்டாவது பாஸ் எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு, சட்டத்தைச் செஸியில் நான்கு இடங்களில் போல்ற் போட்டு இறுக்கினார். நீங்களும் அப்படியே கேளுங்கள். போல்ற் தளர்ந்தால் கண்ணுக்குத் தெரியும். ஒட்டின் வெடிப்பு தெரியாது.

இவற்றோடு இன்னும் நான்கு விடயங்கள். ஒன்று, நிறுத்தும்போது பிரேக்கை இழுத்துப் பூட்டும் கிளிப். கியர் இல்லாத வண்டியைச் சரிவில் கியரில் போட்டு நிறுத்த முடியாது. இரண்டு, ஊன்றுகோல் செருகக் குழாய். மூன்று, இடுப்புக்குச் சாய்மானம். நான்கு, சைலன்சருக்கு மேல் இரட்டைத் தகடு. முள்ளந்தண்டு காயத்தால் காலில் உணர்வில்லாதவர்களுக்கு இந்த நான்காவது மிக முக்கியம். கால் சுடுவது தெரியாமலே தோல் வெந்துவிடும். அவர்கள் இருக்கைக்கு நல்ல மெத்தை போடுவதோடு, அடிக்கடி நிறுத்திக் கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கி இறக்கவும் வேண்டும். அழுத்தப் புண் வந்தால் ஒரு பயணத்துக்காக மாதக்கணக்கில் படுக்க நேரும்.

அனுமதி

வண்டியின் அமைப்பை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு விண்ணப்பித்து, பரிசோதகரிடம் காட்டி, அந்த மாற்றத்தைப் பதிவுசெய்துகொள்ள வேண்டும். சாரதி அனுமதிப்பத்திரத்துக்குத் தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தின் மருத்துவச் சான்றிதழ் வேண்டும். காப்புறுதிக் கம்பனிக்கும் மாற்றத்தை எழுத்தில் அறிவியுங்கள். “எங்கட பொலிஸ் கால் இல்லாத ஆக்களை மறிக்கிறேல்ல” என்று பலர் சொல்வார்கள். உண்மைதான், மறிப்பது குறைவு. ஆனால் விபத்து நடந்தால் பேசப்போவது உங்கள் காலைப் பற்றியல்ல, காகிதத்தைப் பற்றி. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாப்பதற்கு என்றே கொண்டுவரப்பட்டது. அனுமதியைச் சலுகையாகக் கெஞ்சிக் கேட்கத் தேவையில்லை. உரிமையோடு கேளுங்கள்.

மலையில் ஓட்டுவது

வவுனியா, திருகோணமலை, வாகரை வழியாக மட்டக்களப்பு சென்று, செங்கலடியில் ஏ 5 வீதியைப் பிடித்தேன். மகாஓயா, பிபிலை, லுணுகலை, பசறை, பதுளை என்று அது ஏறுகிறது. பிபிலை வரை எந்தச் சிரமமும் இல்லை. அதன் பிறகுதான் வண்டி எனக்குப் பாடம் நடத்தியது.

இரண்டு சில்லு வண்டி வளைவில் சாயும். பக்கச் சில்லு பூட்டியது சாயாது. வேகமாகத் திரும்பினால் உட்பக்கச் சில்லு நிலத்தை விட்டுத் தூக்கும். அதனால் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, உடம்பை உட்பக்கம் சாய்த்து, வளைவு முடியும் வரை பிரேக் பிடிக்காமல் திரும்ப வேண்டும். வளைவுக்குள் பிரேக் பிடித்தால் பாரம் முன்சில்லுக்கும் வெளிப்பக்கத்துக்கும் ஒன்றாகத் தள்ளப்படும். வண்டி கவிழ்வது அந்த மூலையில்தான்.

இறக்கம் இன்னும் கடினம். கியர் வண்டியில் இயந்திரமே வேகத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஸ்கூட்டியில் வேகம் மிகவும் குறைந்து அக்சிலேற்றரையும் முழுதாக விட்டால் கிளட்ச் விடுபட்டு, வண்டி சும்மா உருளத் தொடங்கும். அதன் பிறகு பிரேக் மட்டுமே. பக்கச் சில்லுகளுக்குப் பெரும்பாலும் பிரேக் கிடையாது. அவை பாரத்தில் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்வதால் நடுச்சில்லின் பிடிமானமும் குறைந்திருக்கும். எனவே அக்சிலேற்றரைச் சிறிது திறந்தபடியே இறங்குங்கள். பிரேக்கைத் தொடர்ந்து அழுத்தி வைக்காமல், சற்று இறுக்கமாகப் பிடித்து விட்டு, மறுபடி பிடியுங்கள். எரிந்த மணம் வந்தால் நிறுத்தி ஆறவிடுங்கள். சூட்டோடு தண்ணீர் ஊற்றக் கூடாது.

எல்லயிலிருந்து வெல்லவாய நோக்கி இறங்கும் ஏ 23 வீதியில் இராவணன் நீர்வீழ்ச்சிக்கு முன்பே எனக்கு அந்த மணம் வந்துவிட்டது. ஒரு மாதத்துக்கு முன், 2025 செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு, அதே வீதியில்தான் தங்காலை நகர சபை ஊழியர்கள் சென்ற பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் உயிரிழந்தார்கள். நான் அரை மணித்தியாலம் நீர்வீழ்ச்சியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மலையில் இரவில் ஓட்டுவதில்லை என்பதையும் அங்கேயே முடிவு செய்தேன்.

தோட்டத்து றோட்டில்

அம்மாவின் தோட்டத்துக்குப் பிரியும் றோட்டில் தார் கொஞ்ச தூரம்தான். அதற்கப்பால் கல்லும், மழை அரித்த பள்ளமும். ஒரு பள்ளத்தில் இரண்டு பக்கச் சில்லுகளும் மேட்டில் ஏறி நிற்க, நடுச்சில்லு அந்தரத்தில் தொங்கிச் சும்மா சுழன்றது. அதுதான் வண்டியை இழுக்கும் சில்லு. ஒரு அடி நகரவில்லை. பக்கச் சில்லுகளுக்கு நான் ஸ்பிரிங் போடவில்லை. செலவை மிச்சம் பிடித்திருந்தேன். தட்டையான வீதியில் அந்தக் குறை ஒருநாளும் தெரிந்ததில்லை.

கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண்கள் நால்வர், ஒன்றும் கேட்காமல் கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தள்ளினார்கள். வண்டி வெளியே வந்த பிறகுதான் மூத்தவர் கேட்டார்: “நீ யாரு வூட்டுப் புள்ள தம்பி?” தாத்தாவின் பெயரைச் சொன்னேன். அவருக்குத் தெரியவில்லை. “அம்பது வருசம் ஆவப்போவுது. எரிஞ்ச லயத்து ஆளுங்க யாரும் திரும்பி வரலியே” என்றார். பெரட்டுக்களம் வரைக்கும் கூடவே நடந்து வந்தார்கள்.

பலாமரம் நின்றது. படம் எடுத்து, சிக்னல் கிடைத்த இடத்திலிருந்து அம்மாவுக்கு அனுப்பினேன். சிறிது நேரத்தில் அழைப்பு வந்தது. “இது இல்ல. அது இவ்ளோ பெரிய மரம் இல்ல” என்றார். பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை. “நான் நேர்ல வந்து பாத்தாத்தான் தெரியும்” என்றார்.

இப்போது அதற்கான வேலை நடக்கிறது. அம்மாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பசறை வளைவுகளில் ஏற இந்த 110 சிசியால் முடியாது. ஆசைப்பட்டு அதைச் செய்யவும் கூடாது. அவர் கொழும்பு சென்று பதுளை ரயிலில் தெமோதரையில் வந்து இறங்கட்டும். நான் முன்னதாகவே வண்டியோடு போய் நிலையத்தில் நிற்பேன். அங்கிருந்து தோட்டம் வரை மட்டும் ஏற்றிச் செல்வேன். அதற்கு முன் பக்கச் சில்லுகள் இரண்டையும் கழற்றி, தனித்தனி ஸ்பிரிங்கோடு, நடுச்சில்லை விடச் சற்று உயர்த்திப் பூட்ட வேண்டும். இந்த மாதம் பாஸிடம் விட்டிருக்கிறேன். நீங்கள் புதிதாகச் செய்விக்கிறீர்கள் என்றால், முதல் நாளே ஸ்பிரிங்கைக் கேட்டு வாங்குங்கள்.