கண்ணோயும் காதடி நெறியும்

கடந்த மாதம் மகளிர் குழுக் கூட்டம் ஒன்றுக்காக முல்லைத்தீவு மாவட்டக் கிராமம் ஒன்றுக்குச் சென்றிருந்தேன். கூட்டத்துக்கு ஒருபோதும் தவறாத அக்கா ஒருவர் அன்று வரவில்லை. வீடு தேடிப் போனேன். வலது கண் சிவந்து, இமை வீங்கி, நீர் வடிந்தபடி திண்ணையில் இருந்தார். காதின் முன்புறத்தைக் கையால் பொத்தியிருந்தார்.

“இஞ்சை பார் பிள்ளை, ஒரு கட்டி. 2009இலை நெத்தியிலை ஏறின ஷெல் துண்டுதான் கீழை இறங்கிட்டுது போலை. பிள்ளையளுக்கு நான் சொல்லேல்லை” என்றார்.

மூன்று பிள்ளைகளைத் தையல் வேலையால் வளர்க்கும் தாய் அவர். கண் போனால் குடும்பத்தின் கதி என்ன என்ற பயத்தில் நான்கு நாட்களாக எவரிடமும் காட்டவில்லை. அயலவர் சொன்னபடி தாய்ப்பாலும் நந்தியாவட்டைப் பூச்சாறும் மட்டும் விட்டிருக்கிறார்.

மறுநாள் அவரை வைத்தியசாலைக்குக் கூட்டிச் சென்றேன். வைத்தியர் கண்ணைப் பரிசோதித்து, எக்ஸ்ரே படமும் எடுப்பித்தார். ஷெல் துண்டு நெற்றியில் பழைய இடத்திலேயே இருந்தது. “இது வைரஸினால் வந்த கண்ணோய் அம்மா. காதடியில் இருப்பது நெறி” என்றார். அக்காவின் கண்களில் அப்போது வடிந்தது நோயின் நீர் மட்டுமல்ல.

கண்ணில் வந்த நோய்க்குக் காதடியில் ஏன் நெறி கட்ட வேண்டும்? நான் சமூகவியல் படித்தவள், வைத்தியம் படித்தவளல்ல. வைத்தியர் விளக்கியதையும் பின்னர் தேடிப் படித்ததையும் சகோதரிகளுக்காக இங்கே தருகிறேன்.

வயலுக்கு நீர் பாய்ச்ச ஒரு வாய்க்கால் இருப்பதுபோல மிகுநீரை வடிக்க இன்னொரு வாய்க்காலும் வேண்டும். எமது உடலும் அப்படித்தான். இரத்தக் குழாய்களிலிருந்து கசிந்து இழையங்களில் தேங்கும் நீரை நிணநீர்க்கலன்கள் என்னும் மெல்லிய குழாய்கள் சேர்த்தெடுத்து, கழுத்தடியில் மீண்டும் இரத்தத்தோடு கலக்கச் செய்கின்றன. நீர் பின்னோக்கி ஓடாதபடி அவற்றுள்ளே சிறு வால்வுகள் உண்டு. இந்தக் கலன்கள் அடைபட்டால் என்ன நடக்கும் என்பதை யானைக்கால் நோயில் காணலாம். இலங்கையில் அந்நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீங்கிவிட்டதாக 2016ஆம் ஆண்டு உலக சுகாதார ஸ்தாபனம் ஏற்றுக்கொண்டது.

கண்ணின் வெள்ளையையும் இமையின் உட்புறத்தையும் மூடியிருக்கும் மெல்லிய சவ்விலும் இக்கலன்கள் வலைபோல் பரந்துள்ளன. கண்ணின் வெளிப்புறமும் மேலிமையும் சேர்ந்த பகுதியின் நிணநீர் பெரும்பாலும் காதின் முன்னாலுள்ள கணுக்களுக்குப் போகும். மூக்கோரப் பகுதியினதும் கீழிமையின் உட்பக்கத்தினதும் நிணநீர் தாடைக்குக் கீழுள்ள கணுக்களுக்குப் போகும். இந்தக் கணுக்கள் சோதனைச் சாவடிகள் போன்றவை. சாவடி எதுவென்று எமக்கு எவரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் இவை எம்மைக் காக்கும் சாவடிகள். நீரோடு வரும் கிருமிகளை மறித்து, அவற்றோடு போராடும் வேளையில் கணு வீங்கி நோகிறது. அதைத்தான் நெறி கட்டியிருக்கிறது என்கிறோம்.

கண்ணீரின் வழி வேறு. அது இமைகளின் மூக்கோரத்திலுள்ள சிறு துளைகளினூடாக மூக்குக்குள் வடிகிறது. அழும்போது மூக்கும் ஒழுகுவது இதனால்தான்.

கண்ணின் முன்புறத்துக் கண்ணாடி போன்ற விழிவெண்படலப் பகுதியில் இரத்தக் குழாயும் இல்லை, நிணநீர்க்கலனும் இல்லை. அதனாற்றான் அது தெளிவாக இருக்கிறது. ஒருவர் தானம் செய்த அப்பகுதியை இன்னொருவரின் கண் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வதற்கும் இது ஒரு காரணம். வைத்தியர் ஹட்சன் சில்வா 1961இல் ஆரம்பித்த இலங்கைக் கண் தானச் சங்கத்தால் உலகெங்கும் பலர் பார்வை பெற்றதும் இதனாலேயே.

சகோதரிகள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. வைரஸ் கண்ணோய் பொதுவாக இரண்டு, மூன்று வாரங்களில் தானாகவே மாறும். அதுவரை கையை அடிக்கடி சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். துவாயையும் தலையணையையும் பிறரோடு பகிராதீர்கள். தாய்ப்பால், பூச்சாறு, வீட்டில் மீந்துகிடக்கும் சொட்டு மருந்து எதையும் கண்ணில் விடாதீர்கள்.

கடும் வலி, பார்வை மங்கல், வெளிச்சம் பார்க்க முடியாமை, கண்ணில் காயம், கெட்டியான சீழ், பிறந்த குழந்தையின் கண் சிவத்தல் ஆகியவற்றுக்கு அன்றே வைத்தியரிடம் செல்லுங்கள். மூன்று வாரம் கடந்தும் வற்றாத நெறியையும், வலியின்றிக் கல்போல் இறுகி வளரும் கட்டியையும் கட்டாயம் காட்டுங்கள். உடலில் ஷெல் துண்டு உள்ளவர்கள் எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்கு முன் அதை மறக்காமல் சொல்லுங்கள். அதிலுள்ள பலத்த காந்தம் உலோகத்தை அசைக்கக்கூடும். துண்டு கண்ணுக்குள் இருந்தால் பார்வையே போகலாம்.

மூன்றாவது வாரம் அக்கா வீட்டுக்குப் போனேன். நெறி வற்றியிருந்தது. தையல் மெஷினின் சத்தம் படலையடியிலேயே கேட்டது. “பிள்ளையளுக்கு எல்லாத்தையும் சொல்லிப்போட்டன்” என்றார் சிரித்தபடி. மூத்த மகள் எக்ஸ்ரே படத்தைக் கடதாசி உறையிலிட்டுப் பத்திரமாக வைத்திருந்தாள்.

எங்கள் உடலில் போர் விட்டுச்சென்றவை பல. ஆனால் ஒவ்வொரு கட்டியும் அதன் மிச்சமல்ல. ஒளித்து வைத்துப் பயப்படாமல், காட்டித் தெளிவோம்.