எண் ஒன்று, மருந்து வேறு

சுட்டு முடித்த ரைஃபிள் தோட்டாவின் பித்தளைக் கூட்டை வீசிவிடாமல், புது மருந்தும் குண்டும் வைத்து வீட்டிலேயே மறுபடி நிரப்பிக்கொள்பவர்கள் அமெரிக்காவில் ஏராளம். (மலேசியாவில் உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.) எந்த மருந்தை வாங்குவது? அதுதான் அவர்களுடைய முதல் கேள்வி.

எல்லாம் வெடிமருந்துதானே என்று நாம் நினைப்போம். அப்படியல்ல, நேயர்களே. 1884-இல் பிரான்சின் பால் வியேல் உருவாக்கிய புகையில்லா மருந்தின் வழிவந்தவை இவை. எரியும் வேகம்தான் ஒவ்வொன்றின் குணம். கைத்துப்பாக்கி மருந்து சட்டென எரியும். ரைஃபிளுக்கோ கூடு பெரிது, குழல் நீளம். மருந்து மெதுவாக எரிந்து குண்டைத் தள்ளிக்கொண்டே போகவேண்டும். மாற்றிப் போட்டால் குண்டு நகர்வதற்குள் அழுத்தம் ஏறி, சுடுபவரின் முகத்தருகே இரும்பு பிளக்கும்.

பெயரிலும் ஒரு பொறி இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் கேரண்ட் ரைஃபிள் தோட்டாக்களுக்குப் பயன்பட்ட மருந்து 4895. போருக்குப் பின், மிஞ்சிய இருப்பை புரூஸ் ஹாட்ஜ்டன் என்பவர் வாங்கி விற்றார். பிறகு ஐ.எம்.ஆர். 4895, எச் 4895 என்று இரண்டு வந்தன. எண் ஒன்றாக இருந்தாலும் எரியும் வேகம் ஒன்றல்ல; ஒன்றின் அளவை மற்றதற்குப் போடக்கூடாது. ஆகவே எண்ணுக்கு முன்னால் நிற்கும் எழுத்தையும் படிக்கவேண்டும்.

வெயிலில் சில மருந்துகளின் அழுத்தம் கூடும், சிலவற்றில் அவ்வளவாகக் கூடாது. தயாரிப்பாளரின் கையேட்டில் அந்தத் தோட்டாவுக்கும் அந்தக் குண்டின் எடைக்கும் எது குறிக்கப்பட்டிருக்கிறதோ, அதையே வாங்கவேண்டும். நண்பர் கொடுத்த, சீட்டு கிழிந்த டப்பாவை என்ன செய்வது என்கிறீர்களா? நிறத்தையும் மணத்தையும் வைத்து யாராலும் அதை அடையாளம் காண முடியாது. பயன்படுத்தவே வேண்டாம்.