மிளகாய்ப் பூவுக்குள் வந்த அந்நியன்

ஒரு மில்லிமீட்டர் பூச்சி. அது எந்த இனம் என்று கண்டுபிடிப்பதில் விவசாயியின் ஒரு வருட உழைப்பே அடங்கியிருக்கிறது.

மிளகாய்ச் செடியிலிருந்து ஒரு பூவைக் கிள்ளி வெள்ளைக் காகிதத்தில் தட்டினால் போதும். எள்ளைவிடச் சிறிய கருநிறப் பூச்சிகள் விழுந்து நாலாபுறமும் ஓடும். 2021 இறுதியில் ஆந்திரத்தின் குண்டூர், பிரகாசம் மாவட்டங்களிலும் தெலங்கானாவின் கம்மம் பகுதியிலும் விவசாயிகளைக் கலங்கடித்த காட்சி இது. பூக்கள் காய்க்காமலே உதிர்ந்தன. மருந்துக்கு மேல் மருந்து அடித்தும் பூச்சி அடங்கவில்லை. பலர் செடிகளையே பிடுங்கி எறிந்தார்கள்.

இலைப்பேன் மிளகாய்க்குப் புதிதல்ல. ஆனால் காலங்காலமாக வரும் இலைப்பேனான சிர்டோதிரிப்ஸ் டார்சாலிஸ் மஞ்சள் நிறமானது. தளிரைச் சுரண்டிச் சாற்றை உறிஞ்சும். இலை மேல்நோக்கிச் சுருண்டு படகுபோல் ஆகிவிடும். புதிய பூச்சியோ பூக்களுக்குள் கூட்டமாகக் குடியேறியது. தெலுங்கு விவசாயிகள் அதை 'நல்ல தாமர புருகு' என்றார்கள். தமிழர்கள் ஏமாற வேண்டாம்: தெலுங்கில் 'நல்ல' என்றால் கருப்பு.

ஆனால் நிறத்தை வைத்து மட்டும் இனத்தை முடிவு செய்ய முடியாது. உலகில் இலைப்பேன் இனங்கள் 6,000க்கும் அதிகம்; இந்தியாவில் 700க்கும் அதிகம். இந்தப் பூச்சியிலேயே பெண்தான் கருப்பு, ஆண் மஞ்சள். எனவே பூச்சியின் உள்ளுறுப்புகளைக் கரைத்து நீக்கி, கண்ணாடித் தகட்டில் இறக்கையையும் உணர்கொம்பையும் விரித்து வைத்து, மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார்கள். பழைய மஞ்சள் பூச்சியின் உணர்கொம்பில் 8 கணுக்கள், புதியதில் 7. முன் இறக்கை நரம்புகளில் மயிர்கள் இடைவெளியின்றி வரிசையாக உள்ளனவா என்பதும் முக்கியம். குஞ்சுகளை இப்படி இனம் பிரிப்பது கடினம். அங்கே டிஎன்ஏ சோதனை கைகொடுக்கிறது.

பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி ஆதார மையத்தின் விஞ்ஞானிகள் அடையாளத்தை உறுதி செய்தார்கள்: திரிப்ஸ் பார்விஸ்பைனஸ். தென்கிழக்கு ஆசியாவைச் சேர்ந்த இதற்கு 1922இல் பெயர் சூட்டியவர் கார்னி என்ற ஆய்வாளர். இந்தியாவில் இது தென்பட்ட முதல் தகவல் 2015இல் வெளியானது. அப்போது அகப்பட்டது பெங்களூரில், பப்பாளியில். ஆறு வருடங்கள் கழித்து மிளகாயைப் பதம் பார்த்தபோதுதான் நாடு திரும்பிப் பார்த்தது.

பெயர் தெரிந்தால் என்ன லாபம்? பூச்சியின் பழக்கவழக்கம் தெரியும். முழுப் பூச்சி பூவிலும், குஞ்சுகள் இலைக்கு அடியிலும், கூட்டுப்புழுப் பருவம் மண்ணிலும் கழிகின்றன. எனவே இலையின் மேல் மட்டும் மருந்து தெளிப்பது வீண். திரும்பத் திரும்பத் தெளித்தால் இலைப்பேனைத் தின்னும் நன்மை செய்யும் பூச்சிகள்தான் முதலில் சாகும். நீல நிற ஒட்டுப்பொறி, பிவேரியா என்ற பூஞ்சை மருந்து, வேப்ப மருந்து, மண்ணைக் கவனிப்பது எல்லாம் சேர்ந்தால்தான் பலன்.

சென்னை லயோலா கல்லூரியில் டி.என். அனந்தகிருஷ்ணன் வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்தது இந்தச் சின்னஞ்சிறு ஜீவன்களைத்தான். மயிரை எண்ணுகிற வேலை என்று இதை அலட்சியம் செய்தவர்கள் உண்டு. அந்த எண்ணிக்கை தப்பினால் அதற்கான விலை என்ன என்பது குண்டூர் விவசாயிக்குத் தெரியும்.