சேத்தியாத்தோப்பு பஸ்ஸும் ஆறு மாதக் கமிட்டியும்

1980களின் கடைசியில் நெய்வேலிக்காரர் ஒருவர் பிஎச்.டி. செய்கிறார் என்றால், பெரும்பாலும் அவர் சிதம்பரம் பஸ்ஸில் இருப்பார். எங்கள் எதிர்க் குவார்ட்டர்ஸ் அண்ணன் அப்படித்தான். சுரங்கத்தில் நைட் ஷிப்ட் முடித்து, குளித்துவிட்டு, ரெக்சின் பையோடு கிளம்புவார். வடலூர், சேத்தியாத்தோப்பு, புவனகிரி தாண்டி அண்ணாமலை நகர்ப் பல்கலைக்கழகம். பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீர்தான் அவருடைய ஆய்வுப் பொருள். அந்த நீரை இராப்பகலாக இறைக்காவிட்டால் சுரங்கத்தின் அடித்தளம் பொத்துக்கொண்டுவிடும். பார்த்த வேலையிலிருந்தே கேள்வியை எடுத்துக்கொண்ட மனிதர்.

அவர் தட்டச்சு செய்த அத்தியாயம் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். ஆங்கிலப் பக்கம். ஓர் ஆழ்துளைக் கிணற்றின் ஆழத்தைப் பென்சிலால் வட்டமிட்டு, ஓரத்தில் கைடு தமிழில் எழுதியிருந்தார்: ‘நேரில் போய் அளந்தாயா?’ அண்ணன் மறுவாரமே போய் அளந்தார். வீட்டு வராந்தாவில் உட்காரவைத்து வரிவரியாகப் படித்துக்காட்டச் சொல்வாராம் அந்தக் கைடு. மாலை பஸ்ஸைத் தவறவிட்ட நாட்கள் நிறைய.

எல்லோருக்கும் அப்படி வாய்க்கவில்லை. அன்று எல்லாமே ஒருவர் கையில் இருந்தது. கைடுக்கு மனம் கோணினால் முறையிட இடமில்லை. ஆய்வேடு அலமாரியில் கிடக்கும், வருடங்கள் ஓடும். கைடு வீட்டு ரேஷன் வரிசையில் நின்றவர்களும் உண்டு. பாதியில் விட்டவர்களின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

யுஜிசி 2009இல் நாடு முழுமைக்கும் குறைந்தபட்ச விதிகளைக் கொண்டுவந்தது: நுழைவுத் தேர்வு, கோர்ஸ் ஒர்க், ஒரு கைடுக்கு எட்டு ஆய்வாளர்களுக்கு மேல் கூடாது. 2016இல் அது பேராசிரியருக்கு எட்டு, இணைப் பேராசிரியருக்கு ஆறு, உதவிப் பேராசிரியருக்கு நான்கு என்று ஆனது. ஆய்வாளர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கமிட்டி முன் நின்று செய்த வேலையைச் சொல்ல வேண்டும். ஆய்வை முடிக்கப் பெண்களுக்குக் கூடுதலாக இரண்டு ஆண்டு, 240 நாள் மகப்பேறு விடுப்பு. திருமணமாகி வேறு ஊர் போனால் ஆய்வையும் அங்கே மாற்றிக்கொள்ளலாம். இந்த ஒரு விதி மட்டும் அன்றே இருந்திருந்தால், எங்கள் வட்டத்திலேயே இரண்டு அக்காக்கள் டாக்டர் பட்டம் வாங்கியிருப்பார்கள்.

அண்ணனின் மகள் இப்போது பகுதிநேர ஆய்வாளர். 2022 விதிகளின்படி, வேலை பார்க்கும் இடத்தில் தடையில்லாச் சான்று வாங்கிச் சேர்ந்தாள். எம்.ஃபில். அந்த விதிகளோடு நின்றுபோனதால் ஆய்வெழுதிப் பழக இடைப்படி இல்லை. கமிட்டி ஒழுங்காகக் கூடுகிறது, மினிட்ஸில் கையெழுத்தும் விழுகிறது. ஆனால் அவள் அனுப்பிய இரண்டாம் அத்தியாயம் ஏழு மாதமாகத் திரும்பவில்லை. ‘குட், ப்ரொசீட்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தது, அவ்வளவுதான். கைடைக் குறை சொல்ல அவளுக்கு மனமில்லை. வகுப்பு, ‘நாக்’ தர மதிப்பீட்டுக் கோப்பு, தேர்வுப் பணி என்று அவருக்கும் மூச்சுவிட நேரமில்லை.

விதிகள் வந்தது நல்லது. பழைய நாள் திரும்ப வேண்டாம். ஆனால், கூட்டம் நடந்ததா என்று கேட்கிற விதி, அத்தியாயத்தைப் படித்தார்களா என்று கேட்பதில்லை. ஒரு கைடு ஒரு ஆய்வாளரோடு உட்காரும் நேரத்தைப் பணிநேரமாகக் கணக்கில் எடுக்காதவரை இது மாறாது.

சேரப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஓய்வுக்கு மூன்று ஆண்டுகூட இல்லாதவர் புதிய ஆய்வாளரை எடுக்க முடியாது என்பதை முதலில் பாருங்கள். பிறகு, அவரிடம் ஏற்கெனவே ஆய்வு செய்கிறவரைத் தேடிப்போய், அவருடைய அத்தியாயம் ஒன்றை வாங்கிப் புரட்டுங்கள். ஓரங்களில் பென்சில் எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள்.