நலமாக இருக்கும்போதே நகல் எடுப்போம்

துவாரகாவில் நாங்கள் வசிக்கும் அடுக்ககத்தில், கோடைப் பிற்பகல் ஒன்றில் மின்சாரம் இருமுறை போய் வந்தது. அதன்பின் எங்கள் கணினி இயங்கவில்லை. உள்ளிருந்து 'டிக், டிக்' என்னும் ஓசை மட்டுமே கேட்டது. பழுது பார்ப்போரும் கைவிரித்துவிட்டனர். வரிப் படிவங்களையும் கணக்கு அறிக்கைகளையும் உரிய இடங்களில் மீண்டும் பெற்றுக்கொண்டோம். ஆனால், வத்தக்குழம்பின் பக்குவத்தை அம்மா தம் குரலிலேயே சொல்லிப் பதிவு செய்திருந்த கோப்பை யாரிடம் கேட்டுப் பெறுவது? அவர் மறைந்து ஓராண்டு ஆகியிருந்தது.

ஹார்டு டிஸ்க் எனப்படும் வன்தட்டினுள், நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுழலும் தட்டுகள் உள்ளன. அவற்றின்மேல் படிப்புமுனை தலைமயிரின் பருமனைவிட மிகக் குறைந்த இடைவெளியில் மிதக்கிறது. அதிர்வும் மிகுந்த வெப்பமும் திடீர் மின்தடையும் இந்நுட்பமான அமைப்பிற்கு ஊறு விளைவிக்கக்கூடும். எஸ்.எஸ்.டி. வகையில் சுழலும் பாகங்கள் இல்லை. எனினும் அதற்கும் ஆயுள் வரம்பு உண்டு.

வன்தட்டு தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஏற்பாட்டிற்கு 'ஸ்மார்ட்' என்று பெயர். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள்கள் அக்குறிப்பைப் படித்துக் காட்டும். அதில் 'ரீஅலகேட்டட் செக்டார்', 'கரன்ட் பெண்டிங் செக்டார்' ஆகிய இரண்டையும் கவனிக்க வேண்டும். பழுதுற்றதால் மாற்றப்பட்ட பகுதிகளை முன்னது காட்டும். படிக்க இயலாமல் ஐயத்திற்குரியனவாக நிற்பவற்றைப் பின்னது காட்டும். இவ்வெண்கள் கூடிக்கொண்டே போனால், வேறு சோதனைகளைத் தொடங்குமுன் கோப்புகளை நகலெடுத்துவிட வேண்டும்.

சோதனையில் குறை தெரியவில்லை என்பதற்காக நிம்மதியாக இருந்துவிட முடியாது. ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்து கூகுள் பொறியாளர்கள் 2007இல் ஓர் அறிக்கை வெளியிட்டனர். பழுதானவற்றுள் பாதிக்கும் மேற்பட்டவை, முக்கியமான நான்கு எச்சரிக்கைக் குறிகளில் ஒன்றைக்கூடக் காட்டியிருக்கவில்லை. ஆகவே நகலே உண்மையான காப்பு.

இதற்கு '3-2-1' என்னும் எளிய விதி உண்டு: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறிடத்தில். கணினியில் இருப்பது முதற்பிரதி. வெளிப்புற வன்தட்டில் இரண்டாவது; நகலெடுத்ததும் இதன் இணைப்பை நீக்கிவிட வேண்டும். 2017இல் பரவிய வான்னக்ரை போன்ற பணயத் தீநிரல்கள், இணைக்கப்பட்டிருக்கும் வட்டுகளிலுள்ள கோப்புகளையும் பூட்டிவிடும். மூன்றாம் பிரதியை மேகச் சேமிப்பிலோ வங்கிப் பெட்டகத்திலோ வைக்கலாம். தில்லித் தமிழர்களுக்கு மற்றொரு வழியும் உண்டு: விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஒரு வட்டைக் கொண்டுபோய் உடன்பிறந்தார் வீட்டில் வைத்துவிட்டு, அங்கிருக்கும் பழையதை எடுத்து வரலாம்.

ஆதார், பான் நகல்கள் உள்ள வட்டைக் கடவுச்சொல்லால் பூட்டுதல் நன்று. வங்கியின் இரகசிய எண்களை எதிலும் சேமிக்கலாகாது. நகலெடுத்த கோப்புகளுள் சிலவற்றைத் திறந்து பார்த்த பின்னரே வேலை முடிந்ததாகக் கொள்ள வேண்டும்.

வங்கிகள் ஆண்டுக் கணக்கை முடிக்கும் மார்ச் 31, 2011 முதல் உலகக் காப்புநகல் நாளாகவும் கடைப்பிடிக்கப்பட்டு வருகிறது. எங்கள் இல்லத்தில் இப்போது அந்நாளில் இரு கணக்குகளைச் சரிபார்க்கிறோம்: ஒன்று பணத்தினுடையது, மற்றொன்று, பணத்தால் மீட்க இயலாதவற்றினுடையது.