‘வில்லங்கம் இல்லை’ன்னா என்ன அர்த்தம்?

“ஈ.சி. போட்டுப் பார்த்தாச்சு, கிளீன்!” புரோக்கர் சொல்லும் இந்த ஒரு வரியை நம்பி நம்மில் பலர் அட்வான்ஸை எடுத்துக் கொடுத்துவிடுகிறோம்.

ஈ.சி.யில் வரும் ‘ஈ’, என்கம்பரன்ஸ். சுமை, தடை என்று பொருள். நிலத்தைப் பொறுத்தவரை, உரிமையாளர் அல்லாத இன்னொருவருக்குச் சொத்தின் மேல் இருக்கும் பிடி: வங்கி அடமானம், கோர்ட் ஜப்தி போல. தமிழில் வில்லங்கம். ‘வில்லங்கம் புடிச்ச ஆளு’ன்னு திட்டுறோமே, அதே சொல்தான். குழப்பமும் அங்கேதான். சான்றில் பதிவுகள் வரிசையாக இருந்தால் பயப்படுகிறோம், காலியாக வந்தால் நிம்மதியாகிவிடுகிறோம்.

உண்மையில் வில்லங்கச் சான்று என்பது, நீங்கள் கேட்ட சர்வே எண்ணில், கேட்ட காலத்தில் பதிவான ஆவணங்களின் பட்டியல். கிரயம், தானம், பாகப்பிரிவினை எல்லாமே அதில் வரும். அவை பிரச்சினை அல்ல, சொத்து கைமாறிய வரலாறு. பதிவுகள் இருந்தால் படிவம் 15, இல்லையென்றால் படிவம் 16. அந்தப் படிவம் 16 ‘சொத்து சுத்தம்’ என்று சொல்லவில்லை. ‘இந்தத் தேதிகளுக்குள் பதிவு எதுவும் இல்லை’ என்று மட்டுமே சொல்கிறது.

அதில் தெரியாதவை நிறைய. உயிலைப் பதிவு செய்திருந்தாலும் அது தனிப் புத்தகத்தில் போவதால் இங்கே வராது. பதிவு செய்யாத ஒப்பந்தம், வாய்ப்பேச்சில் பிரித்த பாகம், வீட்டுவரி பாக்கி, இவையும் வராது. அண்ணன் தம்பி தகராறு நடக்கிற சொத்துக்கும் காலியான சான்று வரலாம்!

இன்னொன்று: வங்கிக் கடனை அடைத்துவிட்டால் மட்டும் போதாது. அதற்கான ரசீது ஆவணத்தைப் பதிவு செய்யாதவரை, அடமானம் சான்றில் அப்படியே நிற்கும். விற்கப் போகும்போதுதான் பலருக்கு இது தெரியவருகிறது.

பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் மொபைலிலேயே தேடலாம். உட்பிரிவு எண்ணைக் கவனியுங்கள். இப்போது 45/2பி என்றிருக்கும் மனை, முன்பு 45/2 ஆக இருந்திருக்கலாம். பழைய பதிவுகள் பழைய எண்ணில்தான் இருக்கும். இரண்டையும் போட்டுத் தேடுங்க. காலம் 30 வருஷம் இருக்கட்டும். பிறகு அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, விற்பவரிடம் மூலப் பத்திரங்களை ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.